சந்துப் பக்கம் வைத்த கதவு

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். சிவில் படித்துவிட்டு வீடு கட்டும் வேலை எடுத்துச் செய்கிறாராம். "ஐயா, டவுன்ல வீட்டுக்குள்ள மக்குற கக்கூஸ் கட்டலாமா? தண்ணி ஊத்தாம எருவா ஆவுதே, அது. சட்டம் ஒத்துக்குமா?" என்று கேட்டார். நெட்டில் தேடினாராம், ஆளுக்கு ஒன்று எழுதியிருக்கிறார்களாம். காலேஜ் படித்தவர், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய என்னிடம் சட்டம் கேட்கிறார். கேட்கட்டும். இந்த வடசென்னையில் அந்தக் கேள்விக்கு அடி வாங்கிப் பதில் தெரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான்.

நம் கொத்தனார் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நீங்களும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தம்பிக்குச் சொன்னதையே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. ராயபுரம் கல்மண்டபத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரை நான் கக்கூஸ் பீங்கான் பதிக்காத தெரு கிடையாது. எஞ்சினியர்கள் பிளான் நீட்டுவார்கள். தலையாட்டி வாங்கி மடித்து வைத்துவிட்டு என் கணக்குப்படி கட்டுவேன். நான் கட்டிய செப்டிக் டேங்க் ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். பெரிய கைகாரர். "அசிங்கம் வூட்டுக்காரன் கண்ணுல படக்கூடாது. அவன் போனானா, வந்தானா, மறந்துடணும். அதான்டா நம்ம வேலை" என்பார். முப்பது வருஷம் அதை வேதவாக்காக வைத்திருந்தேன். அது எவ்வளவு அரைகுறையான பாடம் என்று தணிகாசலம் வீட்டில்தான் தெரிந்தது.

தணிகாசலம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதியை உயரத்தில் கேபினுக்குள் உட்கார்ந்து கழித்தவர். கீழே இறங்கி வந்த பிறகும் மனிதர்கள் அவர் கண்ணுக்கு எறும்பாகத்தான் தெரிந்தார்கள். வீடு கடலோரத்தில் ஒரு சந்தில் இருந்தது. ஊர் பெயரைச் சொன்னால் நம் ஆட்கள் வீட்டு நம்பர் வரை கண்டுபிடித்துவிடுவார்கள். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்தப் பெரிய தண்ணீர்ப் பஞ்சம் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்காகத் தவம் கிடந்த காலம். குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது கக்கூஸில் ஊற்ற எங்கே போவது? அந்தச் சந்துக்குப் பாதாளச் சாக்கடையும் வரவில்லை. மூன்று அடி தோண்டினால் உப்புத் தண்ணீர். அமாவாசைக்குக் கடல் ஏறினால் செப்டிக் டேங்க்கும் ஏறும். உள்ளே போனதெல்லாம் பீங்கான் வழியாக மேலே வரும்.

தணிகாசலம் வீட்டில் இது வெறும் தொல்லையாக இல்லை. அவர் மனைவி பூங்காவனத்துக்கு முந்தின வருஷம் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து பின்கட்டு வரை பன்னிரண்டு அடி நடப்பார். அதற்கு மேல் ஒரு அடி முடியாது. அந்தப் பன்னிரண்டு அடிக்குள் கக்கூஸ் இருந்தால் அந்த அம்மாவுக்கு மானம். இல்லாவிட்டால் படுக்கையில் தட்டு.

அவர்களிடம் ஒரு தொண்டு நிறுவனத்து எஞ்சினியர் வந்து சேர்ந்தார். சுவரில் படம் போட்டுக் காட்டினார். படத்தில் ஒரு வெள்ளைக்கார வீடு, வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே மர நாற்காலி மாதிரி ஒரு கக்கூஸ். "இதுல அம்மாவாசை எங்க கீது சார்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் அவர் சொன்ன விஷயத்தில் புத்தி இருந்தது, அதை மறுக்க மாட்டேன். தரைக்கு மேலே இரண்டு அறைகள். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். போய்விட்டு ஒரு கை சாம்பல் போட்டால் போதும். கழுவும் தண்ணீர் தனியாக வாழைக்குப் போகும். ஒரு அறை நிரம்பினால் மூடிவிட்டு அடுத்ததற்கு மாற வேண்டும். அது நிரம்புவதற்குள் முதல் அறையில் இருப்பது மண்ணாகிவிடும். தரைக்கு மேலே இருப்பதால் கடல் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?

தத்துவம் அவருடையது. கட்டியது நான். அந்த அம்மா ஏறிப் போகப் படி வைத்திருந்தார் அவருடைய பிளானில். காலை இழுத்துக்கொண்டு நடப்பவருக்குப் படி! நான் சரிவு போட்டு, பிடித்துக்கொள்ள ஜி.ஐ. பைப் வைத்தேன். சாம்பலுக்குத் தெருமுனை இஸ்திரி வண்டியைப் பிடித்தேன். காசிமேட்டில் படகு கட்டும் இடத்திலிருந்து மரத்தூள் மூட்டை வரவழைத்தேன். அவர் படத்தில் இதெல்லாம் இல்லை.

நான் தப்பு செய்த இடம் கதவு. அறையில் இருப்பதை எடுக்க அறைக்கொன்றாக இரண்டு சின்ன இரும்புக் கதவுகள் வேண்டும். பிளானில் அவை வீட்டுப் பின்கட்டைப் பார்த்து இருந்தன. தணிகாசலம் முகம் சுளித்தார்.

"இன்னா மேஸ்திரி, துளசிக்கு எதிர்லயா அத்தத் தொறக்கறது? கலீஜா இருக்காது? அந்தாண்ட சந்துப் பக்கம் வெச்சுடு."

"நானும் அத்தத்தான் நெனச்சேன் சார்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். கக்கூஸின் பின்புறம் சந்தைப் பார்த்து, முட்டி உயரத்தில் ஒரு தகரக் கதவு இருக்கும். விடிவதற்குள் ஒரு ஆள் வந்து, திறந்து, அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். வந்தது யார் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. எடுப்புக் கக்கூஸ் என்று சொல்வோம். அதையெல்லாம் இடித்துவிட்டுப் பீங்கான் வைத்தவர்களில் நானும் ஒருவன். இடித்த கைதான் திரும்ப அதே உயரத்தில் கதவு வைத்தது. என்னைக் கேட்டு வைக்கவில்லை, பழக்கம் வைத்தது.

என்னிடம் மல்லிகா என்று ஒரு சித்தாள் வேலை செய்தார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. பத்து வருஷமாக என்னோடு இருந்தவர். வாய் கொஞ்சம் அதிகம். கதவுக்குச் சட்டம் பதித்துக்கொண்டிருக்கும்போது தலையில் இருந்த பாண்டுச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்:

"மேஸ்திரி, இந்தக் கதவு ஆருக்கு?"

"கக்கூஸுக்கு. வேற ஆருக்கு?"

"கக்கூஸுக்கு முன்னால கதவு கீதே. இது ஆருக்கு?"

"கலவையக் கொண்டா. கேள்வி கேட்டுகினு நிக்காத."

கொண்டுவந்தார். கொட்டிவிட்டு, "எங்கம்மாவுக்கு இந்த ஒசரம் கரெக்டா இருந்திருக்கும்" என்றார். அவர் அம்மா என்ன வேலை செய்தார் என்பது எனக்குத் தெரியும். காதில் விழாத மாதிரி ரசமட்டத்தை வைத்து நேர் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு அரை நூல்கூடச் சாயவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ராஜாவாக ஓடியது. நாற்றம் கிடையாது, ஈ கிடையாது. பூங்காவனம் அம்மா யார் துணையும் இல்லாமல் போய் வந்தார். நான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "வெள்ளக்காரன் பனியில கட்டுனத நான் உப்புத் தண்ணியில கட்டிகீறேன் பாரு" என்று சொல்லாத ஆள் இல்லை.

முதல் அறை மூடி மாதக்கணக்காகிவிட்டது, இரண்டாவதும் நிரம்பப் போகிறது. முதலாவதைக் காலி செய்ய வேண்டும். தணிகாசலம் என்ன செய்தார் தெரியுமா? ஒருநாள் காலை நகராட்சித் துப்புரவுக்காரர் சந்தைப் பெருக்கிக்கொண்டு வந்தார். இவர் மதில் மேலிருந்து எட்டிப் பார்த்து, கிரேன் கேபினிலிருந்து கூப்பிடுவது மாதிரி கூப்பிட்டார்.

"யோவ், அந்தச் சின்னக் கதவத் தொறந்து உள்ள கீறத அள்ளிகினு போ. டீக்கு எதனா தரேன்."

அந்த மனிதர் குனிந்து கதவைப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நைனா, இது எங்க தாத்தா தொறந்த கதவு. நான் தொறக்க மாட்டேன்."

"அட, உள்ள மண்ணுதான்யா கீது."

"மண்ணுதானே? நீயே அள்ளிக்க."

வேலையை அப்படியே போட்டுவிட்டு நேராக ஆபீஸுக்குப் போனார். மதியத்துக்குள் அவர்கள் சங்கத்து ஆட்கள் நாலு பேரோடு சானிட்டரி இன்ஸ்பெக்டர் சந்தில் நின்றார். எனக்கு ஆள் வந்தது, ஓடினேன்.

இன்ஸ்பெக்டர் நாறாத இடத்தில் மூக்கில் கைக்குட்டை வைத்திருந்தார். கையில் ஒரு புத்தகம். மலத்தை மனிதர் அள்ளக் கூடாது என்று தொண்ணூறுகளில் வந்த சட்டம். "தண்ணி அடைப்பு, அதான் பீங்கான் வளைவுல நிக்கற தண்ணி, அது இல்லாத கக்கூஸ் எதுவா இருந்தாலும் அது எடுப்புக் கக்கூஸ்தான். கட்டுறதும் குத்தம், வெச்சிருக்கறதும் குத்தம். ஏழு நாள்ல இடிச்சுடுங்க" என்றார்.

"சார், இது வேற. உள்ள மண்ணாயிடும். தொறந்து பாருங்க."

"நான் எதுக்குய்யா தொறக்கணும்?" என்று இரண்டு அடி பின்னால் போனார்.

எப்படி இருக்கிறது பாருங்கள். அடுத்தவர் திறக்கக் கூடாது என்று சட்டம் வாசிக்க வந்தவர், உள்ளே இருப்பது என்ன என்று பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார். வீட்டுக்குள்ளிருந்து பூங்காவனம் அம்மா குரல் மட்டும் வந்தது: "இடிச்சுட்டா நான் எங்கய்யா போவேன்?" அந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தொண்டு நிறுவனத்து எஞ்சினியருக்குப் போன் போட்டேன். வெளிநாட்டில் மாநாட்டில் இருக்கிறாராம். கழிப்பறையைப் பற்றித்தான் மாநாடாம்.

சரி, இந்த ஆபீஸர்களை நான் பார்க்காததா என்று கிளம்பினேன். கட்டடப் பிரிவில் கேட்டேன். "எங்க பாரத்துல ரெண்டுதான். ஒண்ணு சாக்கடை இணைப்பு, இன்னொண்ணு செப்டிக் டேங்க். நீ எதுல டிக் அடிப்ப?" என்று பாரத்தைத் திருப்பிக் காட்டினார்கள். மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டால் என்ன என்றேன். கட்டம் போடும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்றார்கள். தண்ணீர் ஆபீஸுக்குப் போ என்றார்கள். தண்ணீர் ஆபீஸில், "தண்ணியே போவாததுக்கு நாங்க எப்படிப்பா அனுமதி தர்றது?" என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொண்டார்கள். சுகாதாரப் பிரிவுக்குப் போ என்றார்கள். அங்கே கைக்குட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் போயிற்று. படித்தவர்கள் ஒரு காரியத்தைச் செய்யாமல் இருக்க எத்தனை மேஜை போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

நாலாம் நாள் கைக்குட்டைக்காரருக்கு மேலே இருந்த டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். சுகாதார அதிகாரி. ஊருக்குப் புதிது. நான் பனி, அமாவாசை, சாம்பல், மரத்தூள் எல்லாம் கால் மணி நேரம் அளந்தேன். அவர் பைலில் குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"நிரம்பினா யாரு எடுப்பாங்க?"

நான் பெருமையாகச் சொன்னேன்: "அது ஒண்ணும் பிரச்சன இல்லம்மா. யாரையாவது கூப்டுக்கலாம்."

பைலை மூடிவிட்டார். "அந்த யாரையாவதுக்காகத்தான் இந்தச் சட்டமே வந்தது. போய்ட்டு வாங்க."

தம்பிகளே, என் வாழ்க்கையில் எத்தனையோ ஆபீஸர் திட்டியிருக்கிறார்கள். துடைத்துவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு அது துடைத்தும் போகவில்லை. மூன்று நாளாக மூன்று ஆபீஸில் என்னை யாரும் கேட்காத கேள்வியை, ஒரு வருஷத்துக்கு முன்னால் பாண்டோடு நின்ற ஒரு சித்தாள் கேட்டுவிட்டார். கலவை கொண்டு வா என்று வாயடைத்தவன் நான்.

"அம்மா, கதவ மாத்துனா?" என்றேன். "சந்துப் பக்கம் அடைச்சுட்டு வூட்டுப் பக்கம் வெச்சா? அவங்க வூட்டு மண்ண அவங்களே எடுத்து அவங்க வாழைக்குப் போட்டா?"

நிமிர்ந்து பார்த்தார். "புத்தகத்துல இருக்கற வார்த்தைப்படி அப்பவும் அது தப்புதான். தண்ணி அடைப்பு இல்லையே. ஆனா யாருக்காக எழுதினாங்கன்னு பாக்க எனக்குக் கண்ணு இருக்கு. ஏழாம் நாள் நானே வரேன். வீட்டு ஆளுங்க என் முன்னால திறந்து எடுக்கணும். வேற ஒரு கை பட்டுதுன்னா அன்னைக்கே இடிப்பேன்."

அன்றே மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சந்துக் கதவு இரண்டையும் பெயர்த்துப் பின்கட்டைப் பார்த்து வைத்தேன். சந்துப் பக்கத்து ஓட்டையை அடைக்க ஒவ்வொரு செங்கல்லாக அவர்தான் எடுத்துத் தந்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தணிகாசலம்தான் மலை மாதிரி நின்றார்.

"நானா அள்ளணும்? கப்பல்ல வந்த சரக்க எறக்குன கை மேஸ்திரி இது."

"சரக்க எறக்குனது கிரேனு சார். நீங்க குச்சியத்தான் ஆட்டுனீங்க" என்றேன்.

கோபம் வந்துவிட்டது. சந்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள் கூத்துதானே. உன் சித்தாள அள்ளச் சொல்லு. வேலக்காரின்னு சொல்லாத, வூட்டு மனுசின்னு சொல்லிடலாம்."

உண்மையைச் சொல்கிறேன், அரை நிமிஷம் யோசித்தேன். நல்ல வேளை, மல்லிகாவுக்குக் காது கூர்மை. கலவையைக் கிளறிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

"போன வருசம் இங்க வேல செஞ்சப்ப தண்ணி கேட்டா, சொம்பக் கையில குடுக்காம ஒசரத்துலருந்து ஊத்துனீங்களே சார். வூட்டு மனுசிக்கு அப்டித்தான் ஊத்துவீங்களா?"

தணிகாசலம் உள்ளே போய்விட்டார். ஏழாம் நாள் வரை வெளியே வரவில்லை.

ஏழாம் நாள் டாக்டரம்மா வந்தார். கைக்குட்டைக்காரரும் வந்தார். சந்தைப் பெருக்கும் அந்த மனிதரையும் டாக்டரம்மா கூடவே அழைத்து வந்திருந்தார். சின்னப் பின்கட்டு. நாங்கள் எல்லோரும் துளசி மாடத்தைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றோம். நான் தாழ்ப்பாளை மட்டும் எண்ணெய் போட்டுத் தளர்த்தி வைத்துவிட்டு விலகினேன்.

தணிகாசலம் வந்தார். முகத்தைச் சுற்றித் துண்டு, கையில் மண்வெட்டி. கதவுக்கு முன்னால் நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார். திரும்பவும் குனிந்தார். முதுகு பாதிக்கு மேல் போகவில்லை. டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தணிகாசலம் கண் என் மேல் வந்தது. அங்கிருந்து மல்லிகா மேல் போயிற்று. மல்லிகா செங்கல் மேல் குந்தி, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தார்.

அப்போதுதான் சுவரைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. பூங்காவனம் அம்மா வந்துகொண்டிருந்தார். பன்னிரண்டு அடி, அதற்கு மேல் மூன்று அடி. கதவுக்கு எதிரே தரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தள்ளுய்யா. இத்தினி நாளா போனது நானு. எனக்கு இன்னா அருவருப்பு?"

நல்ல கையால் தாழ்ப்பாளை இழுத்தார். பக்கத்தில் கிடந்த கொட்டாங்குச்சியை விட்டு ஒரு அள்ளு அள்ளி வெளியே போட்டார். கறுப்பாக, உதிரியாக, சலித்த எருமண் மாதிரி இருந்தது. பழைய சாக்கு வாசனை. கைக்குட்டைக்காரர் தன்னை அறியாமல் கைக்குட்டையை இறக்கினார். பூங்காவனம் அம்மா இரண்டாவது அள்ளு அள்ளினார். மூன்றாவது அள்ளில் கொட்டாங்குச்சி சாய்ந்து மடியில் கவிழ்ந்தது.

தணிகாசலம் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். "நவுருடி" என்றார். மண்டி போட்டு உட்கார்ந்து, மண்வெட்டியை விட்டு வாரி, வாழைக்குக் கொண்டுபோய்க் கொட்டினார். ஒரு தடவை போனவருக்கு அப்புறம் ஒன்றும் தடையில்லை. முழுசாகக் காலி செய்தார். சந்து பெருக்கும் மனிதர் கடைசி வரை கை கட்டி நின்று பார்த்தார். "நல்லா சொரண்டு நைனா, மூலையில கீது பாரு" என்று ஒரு தடவை சொன்னார். அவ்வளவுதான்.

எனக்குப் போன் செய்த தம்பிக்குச் சொன்னது இதுதான். பிளானைப் பார்க்கும்போது பைப் எங்கே போகிறது என்று பார்க்கிறீர்கள், தண்ணீர் ஓடும் வாட்டம் பார்க்கிறீர்கள். அதன் கடைசி முனையில் எந்த மனிதர் நிற்கப் போகிறார் என்று பாருங்கள். வீட்டுக்காரர் நின்றால் கட்டுங்கள். "யாராவது" நிற்பார்கள் என்றால், சட்டம் சரி என்று சொன்னாலும் கொத்துக்கரண்டியைத் தொடாதீர்கள். இப்போது சட்டம் மாறியிருக்கிறதாம். அதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். படிப்பு உங்களிடம்தானே இருக்கிறது.

அன்றைக்கு அறை காலியானதும் டாக்டரம்மா பைலில் நாலு வரி எழுதினார். தணிகாசலம் கை கழுவிவிட்டு வந்து, அத்தனை மண் சுமந்த பிறகும் விறைப்பு குறையாமல் கேட்டார்: "அப்ப இது சட்டப்படி சரிதானம்மா?"

"சரின்னு நான் எழுதல" என்றார் டாக்டரம்மா. "இடிங்கன்னும் எழுதல."

"அப்புடின்னா இன்னா அர்த்தம்? நாளைக்கு வேற ஆபீசர் வந்தா? ஒரு தாளு குடுங்கம்மா, முத்திரை போட்டு."

கைக்குட்டைக்காரர் புத்தகத்தைப் புரட்டி எந்தப் பிரிவு என்று தேடினார். நான் என் பங்குக்குக் கட்டடப் பிரிவுப் பாரத்தில் மூன்றாவது கட்டம் இல்லாததைப் பற்றி ஆரம்பித்தேன். மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தோம்.

பூங்காவனம் அம்மா ஜி.ஐ. பைப்பைப் பிடித்து எழுந்து, சரிவில் பாதி ஏறி நின்றார்.

"அத்தெல்லாம் வெளிய போயி பேசுங்கய்யா. நான் உள்ள போவணும். காலையிலருந்து அடக்கிகினு கீறேன்."

எல்லோரும் சந்துக்குப் போனோம். முதலில் போனது டாக்டரம்மாதான்.